வேல்ஸில் கடலோரமும் மலையோரமும் நடக்கப் போகிறவர்களுக்கு

வேல்ஸின் கடற்கரை முழுவதையும் ஒட்டி ஒரே நடைபாதை ஓடுகிறது. 2012 மே மாதம் திறக்கப்பட்ட வேல்ஸ் கோஸ்ட் பாத், தெற்கே செப்ஸ்டோவில் தொடங்கி வடக்கே செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் முடிகிறது. நீளம் 870 மைல், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். இதைத் தவிர எரிரி (ஸ்னோடோனியா), பன்னாய் ப்ரெகெய்னியோக் (பிரெக்கன் பீக்கன்ஸ்) என்ற இரண்டு மலைத் தேசியப் பூங்காக்களும், வயல்வெளிகளை ஊடறுத்துச் செல்லும் கணக்கற்ற பொதுப் பாதைகளும் உண்டு. ஒரு நாளுக்கு 8 முதல் 15 கிலோமீட்டர் வரை ஒரு துண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

பெரும்பாலான நடைகள் கெட்டுப்போவது கால் வலியால் இல்லை, நேரக் கணக்கால். கடல் ஏறும் நேரம், கடைசிப் பேருந்து, இருட்டும் நேரம் ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

தூரத்தை மணிக்கணக்காக மாற்றுவது

மலையேறிகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்கு எளிமையானது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம். கடலோரப் பாதைக்கு ஏற்றம் எதற்கு என்று நினைப்பவர்கள்தான் இங்கே ஏமாறுவார்கள். வேல்ஸின் தென்மேற்கு மூலையிலுள்ள பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரப் பாதை 299 கிலோமீட்டர். அதில் மொத்த ஏற்றம் மட்டும் சுமார் 10,700 மீட்டர். பாறை உச்சியில் நடந்து, ஓடை கடலில் சேரும் ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டியிருப்பதுதான் காரணம். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 36 மீட்டர் ஏற்றம்.

இந்தக் கணக்கில் அங்கே 12 கிலோமீட்டர் நடக்க, தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏறக்குறைய 430 மீட்டர் ஏற்றத்துக்கு 43 நிமிடம், மொத்தம் 3 மணி 7 நிமிடம் ஆகும். இது நிற்காமல் நடப்பவருக்கு. வேலியைத் தாண்டும் மரப்படிகள், சேறு, சாப்பாடு, புகைப்படம் எல்லாவற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். குழந்தைகள் கூட வந்தால் அரைப் பங்கு கூட்டுங்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பதினொரு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் அந்த 4 மணி நேர நடையே இருட்டோடு போட்டிபோடுவதாக ஆகிவிடும்.

கடல் ஏறும் நேரம்

அதிக கவனம் வேண்டிய விஷயம் இதுதான். வேல்ஸின் தெற்குக் கரையை ஒட்டிய கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாய் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகப் புனல் மாதிரி ஒடுங்குகிறது, அடித்தளமும் மேடாகிறது. உள்ளே வரும் தண்ணீருக்குப் பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே எழும்புகிறது. அதனால்தான் ஓத வேறுபாட்டில் (கடல் ஏறும் மட்டத்துக்கும் வற்றும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்) உலகின் முன்வரிசை இடங்களில் ஒன்றாக, அந்தக் கால்வாயின் கிழக்கு முனையிலுள்ள செவர்ன் முகத்துவாரம் இருக்கிறது. அவ்வளவு உள்ளே போகாத கோவர் தீபகற்பப் பக்கத்திலேயே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும்.

அந்த 8 மீட்டரும் ஆறு மணி நேரத்தில் சீராக ஏறாது. மாலுமிகள் சொல்லும் தோராயக் கணக்குப்படி முழு ஏற்றத்தையும் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மூன்று மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று ஏறும். முதல் ஒரு மணி நேரம் கடல் சும்மா இருப்பது போலத் தெரியும். மூன்றாவது மணியில் 2 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிடும். தட்டையான மணல்வெளியில் தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை; பள்ளமான ஓடைகள் வழியாகச் சுற்றி வந்து உங்களுக்கும் கரைக்கும் நடுவே நிரம்பும்.

ஓத அட்டவணையைப் பார்க்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். அது நீங்கள் போகும் இடத்துக்கு மிக அருகிலுள்ள துறைக்கானதா? தேதி சரியா? நேரம் கிரீன்விச் நேரமா, கோடைக்கால நேரமா? அச்சிட்ட அட்டவணைகள் பல ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அவற்றோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இணைய அட்டவணைகள் பெரும்பாலும் தாமே கூட்டிவிடும். அதன் மேல் நீங்களும் கூட்டினால், எதிர்ப்பக்கமாக அதே ஒரு மணி நேரப் பிழை.

கோவரின் ரொசிலியிலிருந்து போகும் வோர்ம்ஸ் ஹெட் தீவை வைத்துப் பார்ப்போம். கார் நிறுத்துமிடத்திலிருந்து புல்தரையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பழைய கண்காணிப்புக் குடில் வரும். அங்கிருந்து தீவுக்கு நடுவில் இருக்கும் பாறைத்திட்டு, கடல் முழுவதும் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம் மட்டும் வெளியே தெரியும். பிற்பகல் 1.40-க்கு முழு வற்றம் என்றால் கடக்கக்கூடிய நேரம் காலை 11.10 முதல் மாலை 4.10 வரை. பலரும் 1.40-க்குத்தான் பாதுகாப்பு என்று நினைத்து அப்போது கிளம்பி, பாதி நேரத்தை வீணாக்குகிறார்கள். பாதை திறந்தவுடன், கடல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடப்பதுதான் சரி. கூரான, வழுக்கும் பாறை என்பதால் நடை மெதுவாகத்தான் போகும். 3 மணிக்கெல்லாம் தீவின் கரைப்பக்க முனைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிலருகே அன்றைய நேரங்கள் எழுதியிருக்கும். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் பலகையில் இருப்பதையே நம்புங்கள். தீவில் மாட்டிக்கொண்டால் அங்கேயே இருப்பதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. முழங்கால் ஆழம்தானே என்று இறங்கினால் இழுவிசை சாய்த்துவிடும்.

பெம்ப்ரோக்‌ஷயரில் மில்ஃபோர்ட் ஹேவனுக்கும் டேலுக்கும் நடுவே சாண்டி ஹேவன், கான் என்று இரண்டு இடங்களில் கடலோரப் பாதையே நீரைக் கடக்கிறது. சாண்டி ஹேவனில் வற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம், கானில் மூன்றரை மணி நேரம் கிடைக்கும். முதலாவதைச் சீக்கிரம் கடந்தால் இரண்டாவதையும் அதே வற்றத்தில் பிடித்துவிடலாம். தவறவிட்டால் சாலை வழியே கிலோமீட்டர் கணக்கில் சுற்ற வேண்டும்.

பாறை விளிம்பும் துப்பாக்கிப் பயிற்சியும்

பாறை உச்சியின் விளிம்பில் புல் மட்டும் நீண்டு தொங்கிக்கொண்டிருக்கும், அதன் அடியில் மண் இருக்காது. பாதையில் வேலிக்கு உள்ளே இருங்கள். பலத்த காற்றடிக்கும் நாளில் உள்நாட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். பாறைக்குக் கீழேயும் அதே எச்சரிக்கைதான். சதர்ன்டவுன், நாஷ் பாயின்ட் இருக்கும் கிளாமோர்கன் கரையில் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக இருப்பதால் கல் உதிர்வது வாடிக்கை. வெயிலுக்கு ஒதுங்குகிறோம் என்று அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

தென் பெம்ப்ரோக்‌ஷயரில் காசில்மார்ட்டின் ராணுவப் பயிற்சிக் களம் இருக்கிறது. சுடும் நாட்களில் ஸ்டாக் ராக்ஸ், செயின்ட் கோவன்ஸ் பக்கத்துப் பாதை மூடப்படும். சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிட வேண்டும், பேச்சே இல்லை. சுடும் நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள், புறப்படும் முன் பார்த்துவிடலாம்.

பேருந்தில் போய், நடந்து திரும்புங்கள்

கடலோர நடை பெரும்பாலும் ஒருவழி நடை. நடந்து முடித்துவிட்டு, நாளுக்குச் சில தடவையே வரும் பேருந்துக்காக ஓடுவதைவிட, காரை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, பேருந்தில் தொடக்கத்துக்குப் போய், கார் இருக்கும் இடத்தை நோக்கி நடங்கள். பிறகு தாமதமானாலும் யாரும் உங்களை விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. பெம்ப்ரோக்‌ஷயரில் ஸ்ட்ரம்பிள் ஷட்டில், பாப்பிட் ராக்கெட் போன்ற கடலோரப் பேருந்துகள் இதற்கென்றே ஓடுகின்றன. கிராமப்புறச் சாலையில் பாதுகாப்பான இடத்தில் நின்று கை காட்டினால் நிறுத்துவார்கள். கோடையில் கூடுதலாகவும் குளிர்காலத்தில் குறைவாகவும் ஓடும். பேருந்து, ரயில் நேரங்களைத் தரும் டிராவலைன் கம்ரி தளத்தில் அதே தேதியைப் போட்டுப் பாருங்கள், பழைய அட்டவணைப் படத்தை நம்ப வேண்டாம். மேற்குக் கரையில் மஹன்லெத்திலிருந்து புல்ஹெலி வரை போகும் கேம்ப்ரியன் ரயில் இன்னும் வசதி. அதில் சிறிய நிலையங்கள் பலவற்றில் கேட்டால்தான் வண்டி நிற்கும்: இறங்க வேண்டுமென்றால் கார்டிடம் முன்பே சொல்லுங்கள், ஏற வேண்டுமென்றால் ஓட்டுநருக்குத் தெரிகிற மாதிரி கை காட்டுங்கள்.

வரைபடமும் வழிக்குறியும்

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் வாங்குங்கள்; அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். ஆரஞ்சு நிற அட்டை. இளஞ்சிவப்பு அட்டை போட்ட லேண்ட்ரேஞ்சர் 1:50,000 அளவு என்பதால் வயல் வேலிகளைக் காட்டாது. வயல்வெளியில் வழி தவறுவது எந்த வேலிக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல்தான். எக்ஸ்ப்ளோரரில் பச்சைக் கோடுகள் பொதுப் பாதைகள், வெளிர் மஞ்சள் பூசிய இடங்கள் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமையுள்ள திறந்த நிலங்கள். தாளோடு வரும் குறியீட்டைப் போட்டால் அதே வரைபடம் கைபேசியிலும் இறங்கும். வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

தரையில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம், சிவப்பு என்றால் வண்டியும் வரலாம். கம்பத்தில் ‘ல்விபர் கஹொய்தஸ்’ (Llwybr Cyhoeddus) என்று வேல்ஷில் எழுதியிருப்பது பொதுப் பாதை, ‘பெரிகல்’ (Perygl) என்றால் ஆபத்து. கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள்.

திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்டுக்குட்டி பிறக்கும் காலம் என்பதால் அந்த மாதங்களில் எல்லா வயலிலும் அப்படியே செய்வது நல்லது. கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகாமல் வயலோரமாகச் சுற்றிப் போங்கள். மாடு துரத்தினால் மட்டும் நாயின் வாரை விட்டுவிடுங்கள்: அதன் குறி நாய்தான், நீங்கள் இல்லை; நாய் தப்பி ஓடிவிடும்.

மலைப்பக்கம்

பன்னாய் ப்ரெகெய்னியோக்கிலுள்ள பென் எ வான் சிகரம் 886 மீட்டர். பான்ட் அர் டாவ் பக்கத்திலிருந்து ஏறி இறங்கினால் சுமார் 6.5 கிலோமீட்டர்தான் என்பதால் அலட்சியமாகக் கிளம்புகிறவர்கள் அதிகம். உச்சியில் அடிவாரத்தைவிட மூன்று நான்கு டிகிரி குளிர், அத்துடன் மறைப்பே இல்லாத காற்று. எரிரியிலுள்ள எர் விட்வாவுக்கு (ஸ்னோடன், 1,085 மீட்டர்) ல்லான்பெரிஸ் வழி போய்வர 14.5 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். அதே மலைக்கு வேறு வழிகள் தொடங்கும் பென் எ பாஸ் நிறுத்துமிடத்துக்குப் பெரும்பாலான மாதங்களில் முன்பதிவு வேண்டும். கிரிப் கோக் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், கத்தி முனை போன்ற பாறை முதுகில் கையூன்றிப் போகத் தெரிந்தவர்கள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பலாம். வானிலைக்கு நகரக் கணிப்பைப் பார்க்காமல் பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸின் மலைக் கணிப்பைப் பாருங்கள். உச்சியில் காற்றின் வேகம் அதில்தான் இருக்கும்.

பையில் மழைக்கோட்டும் மழைக் கால்சட்டையும், ஒரு கூடுதல் கம்பளிச் சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், விசில், பவர் பேங்க். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், உடம்புச் சூட்டை இழுத்துவிடும், சாயங்காலம் வரை காயாது.

முதலில் எங்கே

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்கு பார்மத்திலிருந்து டோல்கெல்லை வரை பழைய ரயில் தடத்தில் போகும் மவுத்தாக் பாதை, சுமார் 15 கிலோமீட்டர் முழுக்கத் தட்டை. மரப்பாலத்தின் மேல் நடந்து மோர்வா மவுத்தாக் நிலையத்தில் ரயிலேறித் திரும்பினால் அரை நாள் போதும். குழந்தைகளோடு என்றால் ஸ்டாக்போல்: படகுத்துறையிலிருந்து பாரபண்டில் மணல் குடா, அப்படியே பாறை உச்சி வழியாக பாஷர்ஸ்டன் அல்லிக் குளங்கள், அல்லி பார்க்க ஜூன் மாதம். நீர்வீழ்ச்சி வேண்டுமென்றால் எஸ்த்ராத்வெல்ட்டே அருகில் ஸ்கூட் எர் எய்ரா, விழும் நீருக்குப் பின்னாலேயே நடந்து போகலாம்; ஆனால் செங்குத்துப் படிகள், எப்போதும் ஈரம், செருப்போடு போனால் விழுவது உறுதி.

ஏதாவது ஆகிவிட்டால்

அவசர எண் 999-ஐ அழைத்து, கடலோரம் என்றால் கோஸ்ட்கார்ட் என்றும், மலையில் என்றால் முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்றும் கேளுங்கள். இடத்தைச் சொல்ல இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட கிரிட் எண் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்) போதும், 100 மீட்டருக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்னல் பலவீனமாக இருந்தாலும் குறுஞ்செய்தி போய்விடும். அதற்கு வீட்டிலிருக்கும்போதே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கோடையில் பெரணிப் புதருக்குள் நடந்திருந்தால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் லைம் நோயாக இருக்கலாம், உண்ணி கடித்த தேதியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.