அலெக் கின்னஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ் 1934-இல் லண்டன் மேடையில் சிறு வேடங்களில் தோன்றத் தொடங்கி, 1990-கள் வரை நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் இயங்கியவர். ஆனால் அவரைப் பற்றி வரும் குறிப்புகளில் பலவும் ஒளிவாள் ஏந்திய முதியவராக அவர் நிற்கும் ஒரு படத்தையும், இரண்டு மூன்று துணுக்குச் செய்திகளையும் தாண்டிச் செல்வதில்லை. துணுக்குகள் சொல்ல எளிதானவை என்பதால் அவையே திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. அந்த மனிதர் உண்மையில் எதைச் செய்தார், எப்படிச் செய்தார் என்பது சொல்லப்படாமலே போகிறது. அவரைப் பற்றி எழுத முனைவோர் கவனிக்க வேண்டியவற்றை, தவறு எங்கிருந்து முளைக்கிறது என்ற காரணத்தோடு இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. கின்னஸ் என்றதும் அயர்லாந்தின் புகழ்பெற்ற மதுபானக் குடும்பம் நினைவுக்கு வருவதால், அவரும் அந்தச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை என்று எழுதிவிடுகிறார்கள். 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனின் மைடா வேல் பகுதியில் பிறந்த அவருடைய பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. அதில் பதிவான பெயர் அலெக் கின்னஸ் டி கஃப். தாய் ஆக்னஸ் கஃப் திருமணமாகாதவர். ஆன்ட்ரூ கெடிஸ் என்ற வங்கியாளர் பள்ளிச் செலவை ஏற்றுக்கொண்டதால் அவரே தந்தையாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. அது ஊகம்தான், நிறுவப்பட்ட செய்தி அன்று. தாய் பின்னர் மணந்துகொண்டவரின் குடும்பப் பெயரான ஸ்டிவன் என்பதையும் சிறுவன் சில காலம் சுமந்தான். பதினான்கு வயதுக்குள் மூன்று பெயர்களோடு வாழ்ந்த ஒருவர், பிற்காலத்தில் தன் முகத்தை மறைத்துப் பிறராக மாறுவதில் அத்தனை தேர்ச்சி பெற்றார் என்பதைத் தொடர்புபடுத்திப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தத் தொடர்பை எழுதுகிறவர் தம் கருத்தாக எழுத வேண்டுமே தவிர, காரண காரியமாக எழுதிவிடக் கூடாது.

அவரைச் சினிமாவில் வளர்ந்த நடிகராகக் காட்டுவதும் பொருந்தாது. விளம்பர நிறுவனமொன்றில் வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்த இளைஞரை மேடைக்கு உரியவராகக் கண்டுகொண்டவர் புகழ்பெற்ற மேடை நடிகர் ஜான் கீல்குட். 1934-இல் கீல்குட் நடத்திய ஹாம்லெட் நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடம் கின்னஸுக்குக் கிடைத்தது. 1938-இல் ஓல்ட் விக் அரங்கில், டைரோன் கத்ரி இயக்கத்தில், நவீன உடை அணிந்த ஹாம்லெட்டாக அவரே நடித்தார். போர் வந்தபோது கடற்படையில் சேர்ந்து அதிகாரியானார். 1943-இல் சிசிலித் தீவில் நேசப் படைகள் இறங்கியபோது தரையிறங்கு படகொன்றின் பொறுப்பில் இருந்தார். குறிப்பிடத்தக்க முதல் திரை வேடம் 1946-இல் டேவிட் லீன் இயக்கிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தில்தான் அமைந்தது. புகழ் வந்த பிறகும் மேடையை அவர் விடவில்லை. 1953-இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் ஷேக்ஸ்பியர் விழா தொடங்கப்பட்டபோது, பெருங்கூடாரத்துக்குள் மூன்றாம் ரிச்சர்டாக முதல் வரியைப் பேசியவர் அவர்தான். 1964-இல் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் பெற்றார். நாடகத்தை ஒரு வரியில் கடந்துபோகும் எந்தக் கட்டுரையும் அவருடைய வாழ்வில் பாதியைத்தான் சொல்கிறது.

1949-இல் ஈலிங் ஸ்டுடியோ தயாரித்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனட்ஸ்’ படத்தைப் பற்றி இரண்டு பிழைகள் வழக்கத்தில் உள்ளன. அவரே அந்தப் படத்தின் நாயகன் என்பது ஒன்று. கதையை நடத்திச் செல்பவர் டென்னிஸ் பிரைஸ். கின்னஸ் ஏற்றவை அந்த நாயகனுக்கும் பிரபுப் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் டஸ்காயின் குடும்பத்தினரின் எட்டு வேடங்கள். மற்றொன்று, அதை ஒப்பனைச் சாதனையாக மட்டும் புகழ்வது. படம் கையில் கிடைப்பவர்கள், குடும்பத்தினர் அறுவர் ஒரே ஃபிரேமில் தேவாலயத்தில் அமர்ந்திருக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவை அசையாதபடி பூட்டிவைத்து, லென்ஸின் முன் ஒரு பகுதியைத் தவிர மற்றதை மறைத்து ஒருவரைப் படமாக்கி, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, கின்னஸ் அடுத்த வேடத்துக்கு மாறி வந்ததும் அடுத்த பகுதியைத் திறந்து மீண்டும் படமாக்கினார். கேமராவை யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக இரவில் அதன் அருகிலேயே தங்கியிருந்தார். தொழில்நுட்பம் இவ்வளவுதான், மற்றது நடிகருடையது. தளபதியின் கழுத்து நிமிர்வும், பாதிரியாரின் தளர்ந்த தோளும், அகதா சீமாட்டியின் விறைத்த முதுகும் ஒட்டுமீசையாலோ விக்காலோ வருபவை அல்ல. படமாக்கப்பட்டபோது அவருக்கு வயது 34 என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த முதியவர்களின் அருமை புரியும்.

இதற்கு முந்தைய ஆண்டு வெளியான ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தை வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் பாராட்டோடு கடந்துவிடுகின்றன. டிக்கன்ஸ் நாவலில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் யூதராக வரும் ஃபேகின் வேடத்தை அவர் ஏற்றார்; அதன் மூக்கும் தாடியும் பழைய நூல் ஓவியங்களைப் பின்பற்றி அமைக்கப்பட்டவை. யூதர்களை இழிவுபடுத்தும் உருவம் அது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. யூதப் படுகொலை நடந்து முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த பெர்லினில் 1949-இல் போராட்டங்கள் நடந்தன. அமெரிக்காவில் அந்தப் படம் வெட்டுகளுடன் 1951-இல்தான் வெளியானது. எதிர்த்தவர்களிடம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் அரபு இளவரசர் ஃபைசலாகவும், 1984-இல் வந்த ‘எ பாஸேஜ் டு இந்தியா’வில் பேராசிரியர் காட்போலேயாகவும் நிறம் பூசி நடித்ததையும் இதே நேர்மையோடு பார்க்க வேண்டும். முன்னதில் அவருடைய அமைதியான பேச்சு படத்துக்கு வலுச் சேர்க்கிறது. பின்னதில், இந்திய நடிகர்கள் பலர் நடித்திருக்கும் அதே படத்தில் அவர் மட்டும் வேடமிட்டவராகத் துருத்தித் தெரிகிறார். பெரிய நடிகர் என்பதற்காக இதை மறைப்பதும், இது ஒன்றுக்காக அவரை முழுதும் தள்ளிவிடுவதும் அவரைப் புரிந்துகொள்ள உதவாது.

நமக்கு நெருக்கமான படம் 1957-இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைத் தந்த இந்தப் படம் இலங்கையில், கித்துல்கலையில் களனி ஆற்றின் மீது பாலம் கட்டிப் படமாக்கப்பட்டது. இதை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகள், அவர்களுக்காக ரயில் பாலம் கட்ட வைக்கப்படுவதே கதை. அவர் ஏற்ற கர்னல் நிக்கல்சன், பகைவருக்கே நல்ல பாலம் கட்டித்தரும் பெருமையில் தன் கடமையை மறந்துபோகிறவர். தாய்லாந்தில் உண்மையிலேயே பாலம் கட்டிய கைதிகளுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூசி அப்படிப்பட்டவர் அல்லர். தம் ஆட்களின் உயிரைக் காக்கப் போராடியபடியே வேலையைக் கெடுக்கவும் வழி தேடியவர், மரத் தூண்களில் கரையான்களைக் கொண்டுவந்து விட்டதும் அவர்கள் முகாமில் நடந்ததே. உண்மையில் இருந்தவை மரப்பாலம் ஒன்று, இரும்புப் பாலம் ஒன்று என இரண்டு. அவற்றை 1945-இல் தாக்கியவை நேசப் படைகளின் குண்டுவீச்சு விமானங்கள்.

படம் விட்டுவிட்டது இதைவிடப் பெரியது. அந்தப் பாலங்கள் அமைந்த, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான ரயில் பாதையில் போர்க்கைதிகள் மட்டும் உழைக்கவில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் உட்பட, பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர்கள் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அவர்களில் இறந்தோர் தொகை, இறந்த போர்க்கைதிகளின் தொகையான சுமார் 12,000-ஐவிடப் பல மடங்கு அதிகம். மலேசியத் தமிழர் இன்றும் சயாம் மரண ரயில் என்று நினைவுகூரும் அந்தத் துயரம் படத்தின் மையத்துக்கு வரவே இல்லை. படத்தைத் தமிழில் அறிமுகப்படுத்துகிறவர் இதைச் சொல்லாமல் விடுவது பெருங்குறை.

அதே வேளையில், அந்தப் படத்தில் கின்னஸின் நடிப்பு எங்கே உச்சம் தொடுகிறது என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள். விசில் பாட்டோடு கைதிகள் அணிவகுத்து வரும் காட்சியையும் பாலம் தகரும் காட்சியையுமே மேற்கோள் காட்டுகிறார்கள். அவரே தம் நடிப்பில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதியது ஒரு நடை. வெயிலில் தகிக்கும் தகரக் கூண்டிலிருந்து வெளியே விடப்படும் நிக்கல்சன், ஜப்பானியத் தளபதி சைட்டோவின் குடிலுக்கு முற்றவெளியைக் கடந்து நடக்கிறார். முழங்கால்கள் மடங்கப் பார்க்கின்றன. இடுப்புக்கு மேலே உடல் மட்டும் அணிவகுப்பின் நிமிர்வை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. போலியோ தாக்கித் தேறிவந்த காலத்தில் தம் மகன் மேத்யூ நடந்த விதத்தை மனத்தில் வைத்து அந்த நடையை அவர் அமைத்தார். வசனமே இல்லாத அந்தச் சில நொடிகளில் பாத்திரத்தின் பிடிவாதமும் பெருமையும் அழிவும் ஒருசேரத் தெரிந்துவிடுகின்றன.

ஒளிவாள் ஏந்திய முதியவர் ஓபி-வானாக அவர் நடித்த விண்வெளிப் படமான ‘ஸ்டார் வார்ஸ்’ பற்றிய தவறுகளுக்கு அளவே இல்லை. அவர் அந்தப் படத்தை வெறுத்தார், பணத்துக்காக மட்டும் நடித்தார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். படப்பிடிப்புக் காலத்து அவருடைய கடிதங்களில் வசனங்களைப் பற்றிய கடும் சலிப்பு இருப்பதும், பிற்காலத்தில் ரசிகர்களின் அளவுகடந்த மோகம் அவரைத் தொல்லைப்படுத்தியதும் மெய். அதற்காக வேலையில் அவர் அலட்சியம் காட்டினார் என்று கொள்ள இடமில்லை. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸும் உடன் நடித்த மார்க் ஹாமிலும் அவருடைய ஒழுங்கையும் பெருந்தன்மையையும் புகழ்ந்தே பேசியிருக்கிறார்கள். அந்த வேடத்துக்காகத் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. ஊதியச் செய்தியிலும் பிழை நேர்கிறது: அவருக்குக் கிடைத்த 2.25 சதவீதம் திரையரங்குகளின் மொத்த வசூலில் அல்ல, படத்தால் தயாரிப்புத் தரப்புக்கு வந்த பங்கில். ஓபி-வான் பாத்திரத்தைப் பாதியில் சாகடிக்கும் யோசனை தம்முடையதே என்று கின்னஸ் சொல்லியிருக்கிறார். லூகாஸ் அதைத் தம் முடிவாகச் சொல்லியிருக்கிறார். இப்படி இருவர் வாக்கும் வேறுபடும் இடத்தில் இரண்டையும் எழுதுவதே முறை.

விருதுக் கணக்கில் தடுமாற்றம் வேண்டாம். போட்டியில் வென்ற ஆஸ்கர் ஒன்று, 1980-இல் அளிக்கப்பட்ட கௌரவ ஆஸ்கர் ஒன்று. 1958-இல் வந்த ‘தி ஹார்ஸஸ் மவுத்’ படத்துக்காக அவருக்குக் கிடைத்த பரிந்துரை நடிப்புக்கானது அன்று, அவர் எழுதிய திரைக்கதைக்கானது. சர் பட்டம் 1959-இல் வந்தது. அதற்கு முந்தைய படங்களைச் சொல்லும்போது சர் அலெக் என்று எழுதுவது காலப்பிழை.

1979-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடரை, வயதான நடிகர் ஒருவரின் தொலைக்காட்சிப் பணி என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது. அவருடைய நடிப்பின் சாரம் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்: உளவுத் துறை அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக அவர் செய்வதெல்லாம் கேட்பதும் காத்திருப்பதும்தான், ஆனால் பேசுகிறவரைவிடக் கேட்கிறவரையே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த வேடத்துக்காக, நாவலாசிரியர் ஜான் லெ காரே ஏற்பாடு செய்த மதிய உணவில், பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6-இன் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற மோரிஸ் ஓல்ட்ஃபீல்டை அவர் சந்தித்தார். இதை வைத்து ஸ்மைலியின் மூலமே ஓல்ட்ஃபீல்டுதான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. லெ காரே அதை மறுத்திருக்கிறார். ஸ்மைலி 1961-இலேயே நாவலில் தோன்றிவிட்டவர். அந்த மேசையில் கின்னஸ் கவனித்தது, அத்தகைய பணியில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் எப்படி உடுத்துகிறார், எப்படி உட்காருகிறார், கைகளை என்ன செய்கிறார் என்பதைத்தான்.