ஆமை ஒளியும் சட்டிக்குப் பாசி: எங்கே தவறுகிறோம்?

சிங்கப்பூரில் பல்லியோ பாம்போ வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் சிவப்புக் காது ஆமையும் மலாயா பெட்டி ஆமையும்தான் சட்டப்படி வளர்க்கலாம். பெட்டி ஆமைக்குத் தண்ணீரும் வேண்டும், தரையும் வேண்டும், தலையை இழுத்துக்கொண்டு கிடக்க இருட்டான மூலையும் வேண்டும். அதற்காக ஒரு பெரிய மண்சட்டியைக் கவிழ்த்து, ஆமை தாராளமாக நுழையும் அளவுக்கு வாசல் வெட்டி, மேலே ‘மாஸ்’ எனப்படும் பச்சைப் பாசி போர்த்தினேன். பத்தே நாளில் நடுவில் பழுப்புத் திட்டு. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தெளித்தேன். விரல் வைத்தபோது கொழகொழவென்று கையோடு வந்தது.

வாடவில்லை, அழுகியிருக்கிறது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய இலைகள் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும், அதே இலைகளுக்குக் காற்றும் படவேண்டும். நாள் முழுக்க நனைந்து, மூடிய தொட்டிக்குள் நம் ஊர்ச் சூட்டில் வெந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். இப்போது சட்டியை ஊறவைத்துவிட்டுப் பாசியை வைக்கிறேன். மண் குடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாசிக்குக் கொடுக்கும். காலையில் ஒருமுறை மட்டும் தெளிப்பு. மாலையில் நுனி லேசாக உலர்ந்திருந்தால் சரி. ஏர்கான் ஓடும் அறையில் சீக்கிரம் காயும், அங்கே மட்டும் இரண்டு முறை.

குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தால் மருந்து போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். குளோரினுக்கு அது சரி. நம் குழாயில் வருவது குளோரமின், அது அப்படி லேசில் போகாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்துகொள்ளுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் இறுக்கமாக மூடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும்.

அப்புறம், வாங்கும்போது கவனம். அலங்காரக் கடையில் பளீரென்று இருப்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிப் பதப்படுத்திய செத்த பாசி. வெள்ளைக் கிண்ணத்து வெந்நீரில் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். பச்சை இறங்கினால் ஆமைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது எதையும் கடித்துப் பார்க்கும். குளிர் நாட்டுப் பாசி இங்கே தாங்குவது கடினம். மீன் கடை ஜாவா பாசி இந்தச் சூட்டுக்குப் பழகியது. தண்ணீருக்குள் வளர்ந்தது என்பதால் முதல் சில வாரம் மட்டும் கூடுதல் ஈரம் கேட்கும். புக்கிட் தீமா காட்டில் சுரண்டி எடுக்கலாமே என்று தோன்றினால் வேண்டாம், அது குற்றம்.

பசைக்குப் பதில் பருத்தி நூலால் இழுத்துக் கட்டுங்கள், நுனி தொங்க விடாதீர்கள். விளக்குச் சூடு படும் பக்கத்தில் சட்டியை வைக்க வேண்டாம். சட்டிக்கு உள்ளே மட்டும் பாசி வேண்டவே வேண்டாம். கரையேறிய ஆமைக்கு உடம்பு உலர இடம் வேண்டும். எந்நேரமும் ஈரத்திலேயே கிடந்தால் ஓடு அழுகத் தொடங்கும்.