சாட்டிலைட் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பக்கம் போகிறவர்களுக்கு

கனடாவில், கால்கரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நடைப்பை எப்போதும் தொங்கும். அதன் தோள்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அளவு சாட்டிலைட் செய்திக் கருவி ஒன்று. எடை 100 கிராம்தான். ராக்கி மலைக்குள் போன் செத்துவிடும் இடங்களில் "நலமாக இருக்கிறேன்" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்ப அதைத்தான் நம்பியிருக்கிறேன். போன டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது அதே பையைத்தான் எடுத்தேன். மனைவிதான் அந்த ஆரஞ்சு டப்பாவைத் தொட்டுக் காட்டி, "இதையுமா கொண்டுபோறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டிராவிட்டால் அது பெங்களூர் விமான நிலையம்வரை என்னோடு வந்திருக்கும். கழற்றி மேசை டிராயரில் போட்டேன்.

நீங்களும் போடுங்கள். இந்தியாவுக்குள் சாட்டிலைட் போனையோ, இந்தச் சின்னச் செய்திக் கருவியையோ தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பயன்படுத்த வேண்டும் என்றுகூட இல்லை, பையில் இருந்தாலே போதும். தடையின் வேர் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலும் இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலில் சாட்டிலைட் போன் பயன்படுத்தப்பட்ட பிறகு கெடுபிடி கூடிவிட்டது. சுங்கத்தில் நிரப்பும் படிவத்திலேயே சாட்டிலைட் போன் இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

"போன தடவை கொண்டுபோனேன், யாரும் கேட்கலையே" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வந்திறங்கும்போது யாரும் கவனிக்காமல் விட்டுவிடலாம். அப்புறம் இந்தியாவுக்குள்ளேயே ஒரு விமானம் ஏறுவீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பொருள்களை ட்ரேயில் எடுத்து வைப்பீர்கள், பிடிபடுவீர்கள். 2024 டிசம்பரில் கோவாவிலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய கனடாக்காரப் பெண் ஒருவருக்கு நடந்தது இதுதான். பொழுதுபோக்காக மலைப்பாதையில் ஓடுகிறவர், ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் தானே எடுத்து ட்ரேயில் வைத்தார். போலீஸ், கோர்ட், வக்கீல் என்று பயணம் திசைமாறிப் போனது. பிரிட்டன் அரசின் பயண அறிவுரையிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. செக்-இன் பெட்டியில் போட்டாலும், இந்தியா வழியாக வேறு நாட்டுக்குப் போவதானாலும் கதை மாறாது.

ஐபோன் பற்றிக் கேட்பீர்கள். ஐபோன் 14லிருந்து வரும் சாட்டிலைட் அவசர உதவி இந்தியாவில் இயங்காது. போனைக் கொண்டுவருவதில் பிரச்சினை இல்லை, அந்த வசதியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கைக்கடிகாரத்தில் கவனம் வேண்டும். விலை உயர்ந்த சில புதிய மாடல்களில் சாட்டிலைட் செய்தி வசதியையே உள்ளே வைத்து விற்கிறார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் விளையாட அங்கே வாங்கிய வாக்கி-டாக்கியும் வேண்டாம். அது அந்த நாட்டு அலைவரிசையில் பேசுவது.

சரி, டப்பா இல்லை. மலைப்பக்கம் போகாமல் இருக்க முடியுமா? நம்மில் பாதிப் பேருக்குக் குலதெய்வமே காட்டோரத்தில்தான் இருக்கிறது. பெட்டமுகிலாளத்தில் சொந்தக்காரர், சித்தேரியில் கூடப் படித்தவன், வத்தல்மலையைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை என்று ஏதாவது ஒன்று இழுக்கும்.

அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 இரிடியம் சாட்டிலைட்டுகளில் ஏதோ ஒன்றுக்கு நம் குறுஞ்செய்தியை எறிகிறது. வானம் திறந்திருந்தால் போய்ச் சேரும், அடர்ந்த மரமோ பள்ளத்தாக்கோ மறைத்தால் காத்திருக்க வேண்டும். வேலை மூன்றுதான். நலம் என்று சொல்வது, எங்கே இருக்கிறேன் என்று காட்டுவது, ஆபத்தில் ஆள் கூப்பிடுவது. மூன்றுக்கும் ஊரில் மாற்று இருக்கிறது, காசும் மாதச் சந்தாவும் இல்லாமல்.

முதல் வேலையை என் சித்தப்பா பார்த்துக்கொண்டார். அஞ்செட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் முனியப்பன் கோயிலுக்குக் கிளம்பிய அன்று காலையில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்.

"எத்தனை மணிக்குத் திரும்புவ?"

"நாலு மணி சித்தப்பா."

"நாலுன்னா நாலா, இல்ல ஆறா?"

யோசித்து ஐந்தரை என்றேன். தினத்தாள் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார்: எந்த வழி, யார் யார், பைக் நம்பர், கடைசியாக டீ குடிக்கப்போகிற கடை, ஐந்தரை. அடியில் இன்னொரு வரி: ஏழு மணிவரை சத்தம் இல்லையென்றால் யாருக்கு முதலில் போன் போடுவது. தாளை டிவி ஸ்டாண்டில் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் செருகி வைத்தார். கால்கரியில் நான் காசு கட்டி வாங்கும் சேவையின் பெரும்பகுதி அந்தத் தாளில் இருந்தது.

திரும்பும் நேரத்தை உண்மையாகச் சொல்லுங்கள். ஊருக்கு வந்தவர்களை யாரும் சும்மா விடுவதில்லை, வழியில் இரண்டு வீட்டிலாவது காபி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டீக்கடையிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். "கோயிலுக்குப் போறோம்ணா, இதே வழியிலதான் திரும்புவோம்" என்றால் போதும். கடைசிக் கடைக்காரர் உங்கள் வண்டி திரும்பவில்லை என்பதை உங்கள் வீட்டாருக்கு முன்பே கவனிப்பார்.

இரண்டாவது வேலைக்குப் போன் போதும். போனில் இருக்கும் ஜிபிஎஸ் வெறும் வாங்கும் கருவிதான், டவரே இல்லாமலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். அதற்கு வரைபடம் முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும். ஓசூரிலோ தருமபுரியிலோ வைஃபை கிடைக்கும்போதே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பகுதியை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். டேட்டா மட்டும் தரும் பயண ஈசிம்மை நம்பி மலை ஏறாதீர்கள். உள்ளூர் எண் வேண்டும், முடிந்தால் இரண்டு கம்பெனி சிம். ஒன்றுக்கு டவர் இல்லாத வளைவில் இன்னொன்றுக்கு ஒரு கோடு இருக்கும். எந்த மலையில் எது எடுக்கும் என்று கடையில் விற்கிறவரைக் கேட்காதீர்கள், அந்த மலைக்குத் தினமும் பால் எடுக்கப் போகிறவரைக் கேளுங்கள். பேச முடியாத இடத்திலும் சாதாரண எஸ்எம்எஸ் சில நேரம் நழுவிப் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். டவர் தேடித் தேடியே பேட்டரி தீரும், நடக்கும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு, மேட்டில் மட்டும் திறந்து பாருங்கள். பவர் பேங்க் கட்டாயம்.

மூன்றாவது, ஆள் கூப்பிடுவது. 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். அழைப்பை எடுப்பவருக்கு நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரியும் என்று நம்பாதீர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அட்சரேகை எண்ணைப் படிக்க ஆரம்பித்தால் நேரம்தான் போகும். மாவட்டம், தாலுகா, ஊராட்சி, ஊர், பக்கத்தில் பெரிய அடையாளம் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். "கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டி தாலுகா, நாட்றாம்பாளையம் போற ரோடு" என்றால் அவர்களுக்குப் புரியும். எல்லை ஓரத்தில் உங்கள் போன் கர்நாடக டவரைப் பிடித்திருக்கலாம், எடுப்பவர் கன்னடத்தில் பேசினால் அலறாமல் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி" என்று முதலில் சொல்லுங்கள். தாலுகா, ஊராட்சிப் பெயர்களைக் கிளம்பும் முன்பே போனில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எனக்கே எங்கள் கோயில் எந்த ஊராட்சி என்று தெரியவில்லை, ஊரை விட்டு இருபது வருஷம் ஆகிறது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு.

இப்போது யானை. நாம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வருகிறோம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்குவதும் அப்போதுதான். ராகி அறுக்கும் பருவம், அதற்காகத்தான் வருகின்றன. கனடாவில் கரடிக்கு மணி கட்டிக்கொண்டு சத்தம் போட்டு நடக்கப் பழகியிருப்பீர்கள், கரடி ஸ்பிரே வைத்திருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே செல்லாது. இருட்டும் முன் திரும்புவதுதான் இங்கே பாதுகாப்பு. அதிகாலையிலும் அந்தி சாய்ந்தபின்னும் காட்டு ரோட்டில் பைக் வேண்டாம். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், செல்பி எடுக்காமல், தூரத்திலேயே வண்டியைத் திருப்புங்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்வார்கள், "இன்னைக்கு அந்தப் பக்கம் போகாத சாமி" என்று.

யானையைவிட நான் பயப்படுவது கம்பிக்கு. பயிரைக் காக்கச் சிலர் திருட்டுத்தனமாக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. மனிதனையும் அது விடாது. இருட்டில் குறுக்கு வழி என்று வயலில் இறங்காதீர்கள், சுற்றானாலும் ரோட்டிலேயே வாருங்கள்.

ஒகேனக்கல்லில் ஆபத்து வேறு மாதிரி. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலும் ஆறு ஏறும். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்தால், தண்ணீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக வந்து சேரும். அங்கே அளக்கும் நீர்வரத்தை கன அடியில் செய்தியில் தினமும் சொல்வார்கள். வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். தடை இல்லாத நாளிலும் பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பிள்ளைகளுக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள், பெரும்பாலும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

கடைசியாக அனுமதி விஷயம். அங்கே பாதைப் பலகையைப் பார்த்து நடக்கப் பழகிய கால், இங்கே காப்புக்காட்டுக்குள்ளும் தானாக நுழையும். நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் 2022இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அதில் தாத்தா காலத்து ஒற்றையடிப் பாதைகளும் சேர்ந்துவிட்டன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் இறந்தபின் விதிகள் இறுகிவிட்டன. நடக்க ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்யலாம், வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். தொடங்கும்போது 40 பாதைகள், கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு. தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள். காட்டுக்குள் இருக்கும் குலதெய்வத்துக்குப் போவதென்றால் ஊர்ப் பெரியவரை வைத்து ரேஞ்சர் அலுவலகத்தில் முன்பே பேசிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் வந்தேன் என்று சொல்ல மறக்காதீர்கள். நான் மறந்தேன். ஐந்தரைக்குச் சரியாக மலை இறங்கி, அஞ்செட்டியில் டவர் வந்ததும் கால்கரிக்குப் போன் போட்டு முனியப்பன் படையலைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அப்புறம் அத்தை வீட்டில் சாப்பாடு. சித்தப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு அவர் தாளை எடுத்துப் பார்த்து, கடைசி வரியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். ஏழே முக்காலுக்கு என்னைத் தேடி எதிரில் இரண்டு பைக் டார்ச் அடித்துக்கொண்டு வந்தது. அதில் ஒரு பையனுக்கு மறுநாள் காலை காலேஜில் பரீட்சை.