யோனாவை ஒலி நாடகமாக்குவது எப்படி? வாலிபர் கூடுகைக்கு ஒரு செய்முறை

சபை வாலிபர் கூடுகையில் புதிதாக ஏதாவது செய்யலாம் என்றால் உடனே ரீல்ஸ் என்பார்கள். என் ஓட்டு ஒலி நாடகத்துக்குத்தான். வேஷம் வேண்டாம், கேமரா வேண்டாம். முகம் காட்டக் கூச்சப்படுகிற பிள்ளைகூட மைக் முன்னால் வெளுத்து வாங்கும். தொடங்குவதற்கு பைபிளில் உள்ள யோனா புத்தகம் வசதி. நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியும், வேறு பக்கம் கப்பல் ஏறி ஓடுகிற தீர்க்கதரிசியின் கதை. நான்கே அதிகாரம், 48 வசனம். அதிகாரத்துக்கு ஒரு எபிசோடு.

ஸ்கிரிப்டை மட்டும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கேட்கிறவர்களைவிட எழுதுகிறவர்கள்தான் பைபிளைத் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள்.

படி 1: சேர்ந்து வாசியுங்கள்

முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால், கதையில் தங்களுக்கு நினைவிருப்பதை ஒவ்வொருவரும் எழுதிவைக்கட்டும். வாசித்து முடித்ததும் ஒப்பிடுங்கள். பாதிப் பேர் திமிங்கலம் என்று எழுதியிருப்பார்கள். அங்கே இருப்பது 'ஒரு பெரிய மீன்' மட்டும்தான்.

சண்டே ஸ்கூலில் விட்டுப்போனவையெல்லாம் இப்போது வெளியே வரும். யோனா கூலி கொடுத்துத்தான் கப்பல் ஏறுகிறான். புயலில் எல்லோரும் அலறும்போது அடித்தட்டில் தூங்குகிறான். அவனைக் கடலில் போட மனம் வராமல் கப்பல்காரர்கள் கரைக்குத் துடுப்பு வலித்துப் பார்க்கிறார்கள். நினிவேயில் மனம் வருந்துவதன் அடையாளமாக ஆடுமாடுகளுக்கும் இரட்டு (முரட்டுத் துணி) கட்டச் சொல்கிறான் ராஜா. நான்காம் அதிகாரத்திலோ, ஊர் தப்பித்துவிட்டதே என்று தீர்க்கதரிசிக்குக் கோபம்! இவ்வளவும் நாடகத்துக்குக் கிடைத்த தீனி.

படி 2: ஸ்கிரிப்ட்

எபிசோடு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 வார்த்தை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். உங்களில் தூத்துக்குடிப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஊர்ப் பேச்சே இருக்கட்டும். கடவுள் பேசும் இடங்களில் மட்டும் வேத வசனத்தை அப்படியே வையுங்கள், சொந்தமாக எதையும் சேர்க்காதீர்கள். இதில் நான் கறார்.

இரண்டாம் எபிசோடு கஷ்டம். முழுக்க ஒருவனுடைய ஜெபம். அதை நீட்டாமல் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

'வேதத்தைக் கூத்தாக்குகிறீர்களா?' என்று சபையில் பெரியவர் யாராவது கேட்கலாம். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) நினைவுபடுத்துங்கள். அந்தக் காலத்தில் மக்கள் ரசித்த குறவஞ்சி என்ற பாட்டு நாடக வடிவத்தை எடுத்துத்தான் அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அப்புறம், ஸ்கிரிப்டை அந்தப் பெரியவரிடமே ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். தப்பு இருந்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

படி 3: சத்தங்கள்

வாலிபர்களுக்கு இதுதான் பிடித்த வேலை. முறத்தில் காய்ந்த பயறைப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் அலை. தகரத் தகட்டை உதறினால் இடி. பழைய மர நாற்காலியை ஆட்டினால் கப்பல் முனகும். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் யோனா காலிக் குடத்துக்குள் வாய் வைத்துப் பேசட்டும். சினிமாப் பின்னணி இசையை எடுத்துப் போடாதீர்கள். யூடியூபில் காப்புரிமைப் புகார் வரும்.

படி 4: பதிவு

ஃபோனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். ஃபேனை நிறுத்துங்கள், ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், சுற்றிலும் போர்வை தொங்கவிட்டால் எதிரொலி குறையும். வாய்க்கும் ஃபோனுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வெட்டி ஒட்ட, கணினியில் ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம்.

படி 5: வெளியீடு

முதலில் சபை வாட்ஸ்அப் குழுவில், வாரத்துக்கு ஒன்று. பொதுவெளியில் போடுவதானால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெற்றோரிடம் சம்மதம் வாங்குங்கள்.

கடைசி எபிசோடுக்கு முடிவுரை எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். வலதுகை இடதுகை தெரியாத 1,20,000-க்கும் அதிகமான பேர் இருக்கிற ஊருக்காக நான் இரங்காமல் இருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிற கேள்வியோடு புத்தகம் நின்றுவிடுகிறது; யோனாவின் பதில் இல்லை. நாடகமும் அங்கேயே நிற்கட்டும். 'யோனா என்ன சொல்லியிருப்பான்?' என்று கேட்டு, அரை நிமிட வாய்ஸ் மெசேஜாகப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். வருகிற பதில்களை வைத்தே அடுத்த கூடுகையை நடத்தலாம்.

அடுத்த தொடருக்கு ரூத் சரியாக இருக்கும், அதுவும் நான்கே அதிகாரம். பத்து அதிகாரம் உள்ள எஸ்தரைக் கை பழகிய பிறகு தொடுங்கள்.