லேத் நின்றால் டிரைவைத்தான் மாற்ற வேண்டுமா?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை நண்பர் கூப்பிட்டார். “அண்ணே, மரம் கடையிற லேத் செத்துப்போச்சு. டிரைவ் போர்டு அவுட். புதுசு ஆர்டர் போட்டுட்டேன்.”

டிரைவ் போர்டு என்றால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை. புகை வந்ததா என்றேன். இல்லையாம். கருகிய வாடை? அதுவும் இல்லையாம். குமிழைத் திருப்பினால் சில சமயம் சுற்றுமாம், சில சமயம் வேகம் எகிறுமாம், அப்புறம் படுத்துவிடுமாம்.

சிங்கப்பூரில் அவருடைய வீவக அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தச் சின்ன லேத். மேலே மூங்கில் கழியில் ஈரத்துணி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காத்திருந்து, வேகக் குமிழைக் கழற்றினேன். பின்னாலிருந்த பொட்டென்ஷியோமீட்டருக்குள், அதாவது குமிழைத் திருப்பத் திருப்ப மின்தடை மாறும் சாமானுக்குள், மரத்தூள் ஈரத்தோடு சேர்ந்து களிபோல அப்பியிருந்தது. அதன் வயர்களைப் போர்டிலிருந்து பிரித்து, மீட்டரை ஓமில் வைத்து, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் நடுவே பார்த்தேன். குமிழை மெல்லத் திருப்பினால் எண் சீராக ஏற வேண்டும். இதில் 2 கிலோ ஓமிலிருந்து ஒரே தாவலாக மெகா ஓமுக்குப் போய்த் திரும்பியது. மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் சாமான். அவர் ஆர்டர் போட்ட போர்டோ அமெரிக்காவிலிருந்து வருகிறது, 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டில் வருவது 230.

அளந்து பார்க்காமல் போர்டைக் குற்றவாளியாக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. டிசி மோட்டார் என்றால், சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும், ஸ்பிரிங் சிக்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். பெல்ட் இறுகி, பேரிங் பிடித்துக்கொண்டாலும் டிரைவ் ஓவர்லோடு என்று நின்றுவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்?

பொட்டென்ஷியோமீட்டர் மாற்றும்போது ஓம் மதிப்பு பழையதற்குச் சரியாக இருக்க வேண்டும். பல டிசி கன்ட்ரோலர்களில் அந்தச் சின்ன வயர்களிலும் மெயின் மின்சாரம் இருக்கும். ‘வெறும் சிக்னல் வயர்தானே’ என்று லைன் இருக்கும்போது கை வைத்துவிடாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்பதும் தப்புக்கணக்கு. 230 வோல்ட் ஏசியை டிசியாக்கினால், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, டிசி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை போக வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து ‘இறக்குகிற’ வீரமெல்லாம் வேண்டாம். ஃபியூஸ் எரிந்தால் அதைவிடப் பெரியது போடுவதும் இதே ரக வீரம்தான்.

உண்மையிலேயே டிரைவ் போயிருந்தால், வாங்குமுன் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுங்கள். பிரஷ் உள்ள டிசி மோட்டாருக்கு டிசி கன்ட்ரோலர். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு விஎஃப்டி, அதாவது ஏசியின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் டிரைவ். ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

விஎஃப்டியில் பலரும் சறுக்குகிற இடம் ஸ்டார், டெல்டா. மோட்டாருக்குள் இருக்கும் மூன்று சுருள்களை இணைக்கும் இரண்டு விதங்கள் இவை. பலகையில் 230/400 (டெல்டாவில் 230 வோல்ட், ஸ்டாரில் 400) என்றிருந்தால், சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் விஎஃப்டிக்கு மோட்டாரை டெல்டாவில் கட்ட வேண்டும். அந்த டிரைவ் மூன்று ஃபேஸாக மாற்றிக் கொடுத்தாலும் 230 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. மோட்டாரின் மூடியைத் திறந்தால் ஆறு முனைகள் தெரியும். ஒரு வரிசையின் மூன்றையும் பித்தளைத் தகடு சேர்த்துப் பிடித்திருந்தால் ஸ்டார், மேலும் கீழுமாக மூன்று ஜோடிகளாக இருந்தால் டெல்டா. ஸ்டாரிலேயே விட்டுவிட்டால் வெறுமனே அழகாகச் சுற்றும், உளி பட்டதும் திணறி நிற்கும். உடனே “டிரைவ்ல பவரே இல்லைண்ணே” என்று போன் வரும்.

வீட்டு மின்சாரம் உள்ளே போகும் முனைகள் வேறு, மோட்டாருக்கு வெளியே வரும் யு, வி, டபிள்யூ வேறு. மாற்றிக் கொடுத்தால் புது டிரைவ் அந்த நொடியே குப்பை. பழைய சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே விட்டுவைப்பதும் கூடாது. ஓடும்போது அதைப் பிரித்தால் டிரைவுக்கு அடி விழும். ஆன், ஆஃப், ரிவர்ஸ் எல்லாம் டிரைவின் கன்ட்ரோல் முனைகள் வழியாகத்தான். கரண்ட் போய் வந்தால் தானாக ஓட ஆரம்பிக்கும் அமைப்பு இருந்தால் அணைத்து வையுங்கள்.

பெரிய கிண்ணக் கட்டையை ஏற்றிவிட்டு இரண்டு நொடியில் நிற்கும்படி செட்டிங் வைத்தால், சுற்றும் கட்டையே மோட்டாரை ஜெனரேட்டராக்கி டிரைவுக்குள் வோல்ட்டைத் திருப்பித் தள்ளும். ஓவர்வோல்டேஜ் என்று டிரைவ் நின்றுவிடும். கோளாறு டிரைவில் இல்லை, நம் அவசரத்தில். நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள், இல்லையேல் திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள். சட்டென்று நிறுத்தினால் கட்டையைப் பிடித்திருக்கும் திருகு வகை சக் கழன்று கையில் விழுகிற அபாயமும் உண்டு.

சிலருக்கு டிரைவைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டாகும். டிரைவின் ஃபில்டர் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதைப் பார்த்துக் கட் ஆகும். இதற்கு எர்த் வயரை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். லேத்தின் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறினால் காப்பாற்றுவது அந்த ஒற்றை வயர்தான். கசிவு குறைந்த ஃபில்டர் உள்ள டிரைவைத் தேடுங்கள். வீட்டு வயரிங்கில் கை வைக்க வேண்டியிருந்தால் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

நண்பரின் லேத் இப்போது ஓடுகிறது. குமிழுக்குப் பின்னால் தூள் புகாமல் ரப்பர் வாஷர் போட்டிருக்கிறோம், துணிக்கழியும் இடம் மாறிவிட்டது. அந்த 120 வோல்ட் போர்டு வந்து சேர்ந்து, பெட்டி பிரிக்காமல் அவருடைய வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது பாதுகாப்பு அறையில், அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.