வருணனையில் பாத்திரத்தைக் கண்டுகொள்ள ஒரு வழி

செவ்வியல் நாவலில் நீண்ட வருணனை வந்தால் தாண்டிச் செல்லாமல், அதைப் பார்ப்பது யாருடைய கண் என்று ஓரத்தில் பென்சிலால் பெயரெழுதி வையுங்கள். நூலகப் புத்தகமானால் துண்டுத்தாள் போதும். ஒருவர் எதைக் கவனிக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதில் அவருடைய குணம் வெளிப்பட்டுவிடும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தில் வரும் வீரநாராயண ஏரி, நம் கடலூர் மாவட்டத்து வீராணம்தான். ஆடிப்பெருக்கு நாளில் அதன் கரையோரம் வரும் வந்தியத்தேவன், களைத்த குதிரை மெல்ல நடப்பதைப் பொருட்படுத்தாமல் மதகுகளை எண்ணிக்கொண்டே வருவதில், கேள்விப்பட்டதைத் தானே சரிபார்க்க விரும்பும் ஆர்வமும், போகும் காரியத்துக்கு நடுவிலும் வேடிக்கையில் மயங்கும் இளமையும் ஒருசேரத் தெரிகின்றன. ஆசிரியரே நேரடியாக வரலாற்றை விளக்கும் பக்கங்களுக்கு இம்முறை உதவாது. கல்கியிடம் அத்தகைய பக்கங்கள் சற்று அதிகம்தான்.