உயரமான பிள்ளையைச் சென்டராக வளர்ப்பது: லோ போஸ்ட் ஆட்டத்துக்கான பயிற்சி

பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே ஆறடியை எட்டிவிட்ட ஒரு பிள்ளை பள்ளிக் கூடைப்பந்து அணிக்குக் கிடைத்துவிட்டால், அவரைச் சென்டராக, அதாவது ரிங் என்னும் கூடை வளையத்துக்கு அடியில் ஆடுபவராக, நிறுத்தி, தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டே பல ஆட்டங்களை வென்றுவிடலாம். அந்த வெற்றிதான் அவருடைய வளர்ச்சிக்கு முதல் தடை. எதிரணியில் எல்லோரும் அவருடைய தோளுயரமே இருக்கும்வரை, காலை எங்கே வைப்பது, எந்தக் கையால் பந்தைப் போடுவது என்ற கேள்விகளே அவருக்கு எழுவதில்லை. தன் உயரத்துக்கு ஒருவர் எதிரே வந்து நிற்கும் நாளில்தான் கைவசம் எதுவும் இல்லை என்பது புரிகிறது. ஆகவே உயரமான பிள்ளையை, அந்த உயரம் இல்லாத ஒருவருக்குக் கற்பிப்பதுபோலவே பழக்க வேண்டும். ரிங்குக்கு அருகே, அதற்கு முதுகு காட்டி நின்று ஆடும் லோ போஸ்ட் ஆட்டத்தின் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே நடக்கிறது.

பந்து வருவதற்கு முன்

ரிங்குக்கு முன்னால் உள்ள செவ்வகமான பெயின்ட் பகுதியின் பக்கக்கோட்டில், ஃப்ரீ த்ரோவின்போது (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற ஷாட்) ரீபவுண்டுக்கு, அதாவது தவறி வரும் பந்தைப் பிடிக்க, நிற்பவர்களைப் பிரிக்கும் தடித்த கட்டம் ஒன்று உண்டு. அதை ஒட்டிய இடமே லோ போஸ்ட். அங்கிருந்து ரிங்கின் நடுப்புள்ளி மூன்று மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், ஒரே டிரிபிளிலோ (பந்தைத் தரையில் தட்டுவது), டிரிபிளே இல்லாமல் ஒரு நீண்ட காலடியிலோ ரிங்கை எட்டிவிடலாம். ஓரடி வெளியே தள்ளப்பட்டால் கணக்கு மாறிவிடுகிறது: இரண்டு டிரிபிள் தேவைப்படும், அதற்குள் உதவிக்கு இன்னொருவர் வந்துவிடுவார். இந்த ஓரடியின் மதிப்பை அமெரிக்காவில் விதி வகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டைச் சென்டரை அடக்க முடியாமல் 1951-இல் பெயின்டின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள்; வில்ட் சேம்பர்லின் என்ற இன்னொரு சென்டர் ஆடிய காலத்தில், 1964-இல், அதை 16 அடியாக்கினார்கள். அவர்களுடைய திறமையைக் குறைக்க வழியில்லை என்பதால் அவர்கள் நிற்கும் இடத்தைத் தள்ளி வைத்தார்கள்.

எனவே முதலில் கற்பிக்க வேண்டியது அந்த இடத்தைப் பிடிக்கும் கலை. பிள்ளை பெயின்டின் ஓரத்தில் போய் நின்றுகொண்டு கையைத் தூக்கிப் பந்து கேட்கக் கூடாது. தடுப்பவரை நோக்கி நடந்து சென்று, தன் ஒரு காலை அவருடைய இரு கால்களுக்கு இடையிலோ முன்னாலோ வைத்து, அங்கிருந்து திரும்பி, முதுகாலும் இடுப்பாலும் அவரைப் பின்னால் அடைத்துவிட வேண்டும். இதைத்தான் பயிற்சியாளர்கள் சீல் என்கிறார்கள். தோள்களின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகக் கால்களை விரித்து, முழங்காலை மடக்கி, பின்புறம் தாழ்ந்திருக்க வேண்டும். உயரமான பிள்ளைகளுக்குக் குனிந்து நிற்பது இயல்பாக வராது. அவர்கள் இடுப்பை மடக்குவார்களே தவிர முழங்காலை மடக்க மாட்டார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு உடனே தெரியும்: முழங்காலை மடக்கியவரின் மார்பு நிமிர்ந்திருக்கும், இடுப்பை மட்டும் மடக்கியவரின் மூக்கு கால்விரல்களைத் தாண்டி முன்னே நிற்கும். அந்த நிலையில் பின்னாலிருந்து ஒரு தள்ளு கிடைத்தாலே அவர் இடத்தை இழந்துவிடுவார்.

தடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு. அவர் முழுவதும் பின்னால் இருந்தால் பந்தை நேராக வாங்கலாம். ஃப்ரீ த்ரோ கோட்டின் பக்கமாகப் பாதி முன்னேறி நின்றால், பந்தை எண்ட் லைன் (ரிங்குக்குப் பின்னால் கோர்ட் முடியும் கோடு) பக்கத்திலிருந்து கொடுக்கச் செய்ய வேண்டும். அப்படி வரும் பந்தை வாங்கும்போதே ரிங்குக்கான பாதை திறந்திருக்கும். முழுவதும் முன்னால் வந்து மறைத்துவிட்டால், ஃப்ரீ த்ரோ கோட்டருகே இருக்கும் சக ஆட்டக்காரருக்குப் பந்தை மாற்றி, அங்கிருந்து உள்ளே வாங்குவதே எளிது. பந்தைக் கொடுப்பவருக்கும் இதில் சமமான பயிற்சி வேண்டும். சென்டருக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, பந்தை நடத்திக் கொண்டுவரும் கார்டுகளை வேறு மூலையில் ஷூட்டிங் பழக விட்டுவிடுவது நம் மைதானங்களில் அடிக்கடி காணும் வழக்கம். அதன் விளைவு, ஆட்டத்தில் சென்டர் அருமையாக இடம்பிடித்து நிற்கும் நொடியில் பந்து வராது.

பந்தை வாங்கும் நொடி

எதிராளி இல்லாத பக்கத்துக் கையை நீட்டி இலக்குக் காட்டி, வரும் பந்தை இரு கைகளாலும் பிடித்து, உடனே தாடைக்குக் கீழே கொண்டுவந்து முழங்கைகளை அகற்றி வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுக்குக் கீழே இறங்கும் பந்து குள்ளமான கார்டின் கைக்குப் போய்ச் சேரும். பந்து கைக்கு வரும்போது இரு கால்களும் ஒரே சமயத்தில் தரையில் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் எந்தக் காலையும் பிவட்டாக (ஊன்றியபடியே சுழலும் அச்சுக் காலாக) வைத்துக்கொள்ளும் உரிமை விதிப்படி கிடைக்கிறது. எதிராளிக்கோ எந்தப் பக்கம் அடைப்பது என்று தெரியாது. ஒரு கால் முன்னதாகவும் மற்றது பின்னதாகவும் பதிந்தால் பிவட் கால் தீர்மானமாகிவிடும், பாதி வாய்ப்புகள் அப்போதே கைநழுவிவிடும்.

வாங்கியவுடன் திரும்பிவிடக் கூடாது. அடைபட்டிருக்கும் எதிராளியின் முன்கை முதுகில் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று ஒரு கணம் உணர வேண்டும். அதே கணத்தில் எண்ட் லைன் பக்கத் தோளுக்கு மேலாகக் கண்ணோட்டம் விட்டு, உதவிக்கு வருபவர் யார் என்று பார்க்க வேண்டும். வலத் தோள்பட்டையில் அழுத்தம் இருந்தால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம். இதைப் பழக்க, பயிற்சியாளர் தானே பின்னால் நின்று, பழைய ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தைத் துண்டு ஒன்றால் ஏதாவது ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு, வாயால் எதுவும் சொல்லாமல் பிள்ளையை முடிவெடுக்க விட வேண்டும். முதலில் தவறாகத் திரும்பி நேரே மெத்தையில் மோதுவார்கள். மோதட்டும்.

இரண்டு நகர்வுகள், அவற்றுக்கு ஒரு மாற்று

இளம் சென்டருக்கு ஏராளமான நகர்வுகளைக் கற்றுக்கொடுக்கும் ஆசையைப் பயிற்சியாளர் அடக்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் புகழ்பெற்ற சென்டர் ஹக்கீம் ஒலாஜுவானின் ட்ரீம் ஷேக் என்ற ஏமாற்று நகர்வைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை அன்றே அதைச் செய்ய விரும்புவார். ஒலாஜுவான் நைஜீரியாவின் லேகோஸில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் ஆட்டக்காரராகவும் இருந்துவிட்டுத்தான் கூடைப்பந்துக்கு வந்தார். அவருடைய கால்களின் லாவகம் அந்த ஆட்டங்களில் ஊறியது. அடிப்படை நகர்வை எதிராளி நம்பினால்தான் ஏமாற்று அசைவுக்குப் பொருள் உண்டு.

கோர்ட்டின் இடப்பக்கக் கட்டத்தை, அதாவது ரிங்கைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம் இருப்பதை, எடுத்துக்கொள்வோம். வலக்கைக்காரருக்கு இதுவே நல்ல தொடக்க இடம். கோர்ட்டின் பக்கக்கோட்டைப் பார்த்து, ரிங்குக்கு முதுகு காட்டி நிற்கும்போது எண்ட் லைன் அவருடைய வலப்புறம், கோர்ட்டின் நடுப்பகுதி இடப்புறம். முதல் நகர்வு டிராப் ஸ்டெப். எதிராளி நடுப்பகுதியை அடைக்கும்போது இடக்காலைப் பிவட்டாக வைத்து, வலக்காலை எதிராளியின் காலுக்குப் பின்னால், ரிங்கை நோக்கி நீளமாக வைக்க வேண்டும். விரல்கள் ரிங்கைக் காட்டுமாறு பாதம் பதிய வேண்டும். பாதம் எண்ட் லைனைப் பார்த்துப் பதிந்தால் உடல் ரிங் பொருத்தப்பட்ட போர்டுக்குப் பின்னால் போய்விடும். தேவைப்பட்டால் இரு கால்களுக்கும் நடுவே பந்தைத் தாழ்வாக ஒரே ஒரு முறை தட்டி, இரு கால்களிலும் எழும்பி, எதிராளியிடமிருந்து தள்ளியிருக்கும் இடக்கையால் போர்டில் பட வைத்து முடிக்க வேண்டும். டிரிபிள் செய்வதானால், பிவட் கால் எழும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்; இல்லையென்றால் டிராவலிங் என்ற விதிமீறல்.

இரண்டாவது நகர்வு நடுப்பகுதிக்குத் திரும்பிப் போடும் ஜம்ப் ஹூக். எதிராளி எண்ட் லைன் பக்கத்தை அடைத்தால், வலக்காலை ஊன்றி, இடக்காலைப் பெயின்டுக்குள் வைத்து, இடத் தோள் ரிங்கைக் காட்ட, பந்தை வலக்கையில் காதோரமாக நேரே உயர்த்தி மணிக்கட்டால் விட வேண்டும். எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே தன் உடலின் முழு அகலமும் இருப்பதே இந்த ஷாட்டின் பலம். பந்தைப் பக்கவாட்டில் வீசிச் சுழற்றுவது தொடக்கக்காரர்களின் பொதுவான பிழை. கை காதை உரசிக்கொண்டு போகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

இவை இரண்டும் எதிராளிக்கு அச்சம் தரும் அளவுக்குத் தேறிய பிறகே மாற்று நகர்வு. பாஸ்டன் செல்டிக்ஸின் கெவின் மெக்ஹேல் புகழ்பெறச் செய்த அப் அண்ட் அண்டர் அதற்கு ஏற்றது. ஹூக் போடுவதுபோலப் பந்தை நெற்றிக்கு மேல் காட்டி, எதிராளி எம்பியதும், ஊன்றிய பிவட் காலை அசைக்காமல் மற்றக் காலை அவரைத் தாண்டி ரிங்கை நோக்கி வைத்து, அவருடைய கைக்கு அடியில் புகுந்து முடிப்பது இது. காட்டும்போது பந்து மட்டும் உயர வேண்டும், முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். முழங்காலும் நிமிர்ந்துவிட்டால் அடுத்த காலடிக்கு விசை கிடைக்காது.

வலப்பக்கக் கட்டத்தில் எல்லாவற்றையும் கைமாற்றிச் செய்ய வேண்டும். இடக்கை ஹூக் சில மாதங்களுக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். அதற்காக அதைத் தள்ளிப்போட்டால் பிறகு ஒருபோதும் வராது.

முடித்தல்

மைக்கன் டிரில் என்ற பயிற்சி இன்றும் உலகெங்கும் நடக்கிறது. டிபால் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்ற பயிற்சியாளர், கண்ணாடி அணிந்த, தடுமாறி நடந்த நெட்டைப் பையனான மைக்கனைக் கயிறு தாண்டவும் நடனம் கற்கவும் வைத்து, இரு கைகளாலும் நாள்தோறும் ஹூக் போட வைத்தார். ரிங்குக்கு அடியில் நின்று, இடக்காலை ஊன்றி வலக்கையால் ஒன்று, வலையிலிருந்து விழும் பந்தைத் தரை தொடவிடாமல் பிடித்து, வலக்காலை ஊன்றி இடக்கையால் ஒன்று என்று மாறி மாறிப் போடுவதே பயிற்சி. இடையில் பந்து தாடைக்குக் கீழே இறங்கினால் அந்த ஷாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போர்டில் வரையப்பட்டிருக்கும் கட்டத்தின் மேல்மூலையைக் குறிவைக்கப் பழக்குவது பக்கவாட்டு ஷாட்டுகளுக்கு மிகவும் உதவும். டிம் டங்கன் பல ஆண்டுகள் போர்டில் பட்டு உள்ளே விழும் அந்த ஷாட்டாலேயே எதிரணிகளைத் திணறடித்தார்.

யாரும் தொடாத நிலையில் போடும் ஷாட்டால் சென்டருக்குப் பயன் குறைவு. ஒவ்வொரு முடிப்பின்போதும் மெத்தையால் இடுப்பிலும் தோளிலும் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முகத்திலோ, காற்றில் இருப்பவரின் கால்களிலோ படவே கூடாது.

விதி வேறுபாடும் பாஸும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்துப் பயிற்சி வகுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே தடுப்பவர் யாரையும் நெருங்கிக் காக்காமல் பெயின்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. 2001-02 பருவத்தில் வந்த விதி அது. நம் ஆட்டங்கள் நடக்கும், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. எதிரணியின் உயரமானவர் ஆட்டம் முழுவதும் ரிங்குக்கு அடியிலேயே நிற்கலாம். மூன்று நொடித் தடை தாக்கும் அணிக்கு மட்டுமே. எனவே இங்கே லோ போஸ்ட்டில் பந்து வாங்கும் சென்டரை இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் சூழ்வார்கள். அவருக்குப் பாஸ் தெரிந்தே ஆக வேண்டும். சென்டரான நிகோலா யோகிச் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க ஆட்டக்காரராகத் தேர்வானதில் அவருடைய பாஸுக்குப் பெரும்பங்கு உண்டு.

எதிர்மூலையில் நிற்பவர், பந்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வெட்டி ஓடுபவர், பந்து வந்த அதே திசையில் நிற்பவர் ஆகிய மூவரையும் இந்த வரிசையில் பார்க்கப் பழக்கலாம். மூவருக்கு மூவர் ஆட்டத்தில், லோ போஸ்ட்டுக்குப் பந்து ஒரு முறை போய் வந்த பிறகே ஷாட் போடலாம் என்ற ஒற்றை விதியை வைத்தால், இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரத் தொடங்கும்.

உடல், ஃப்ரீ த்ரோ, குறிப்பேடு

வேகமாக வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருவது சாதாரணம். சிமெண்ட் தரையில் தொடர்ந்து குதிக்க வைத்தால் அது கூடும். வலிக்கும் நாள்களில் குதிப்பதை நிறுத்தி, சீல், பிவட், பாஸ் ஆகியவற்றை மட்டும் செய்யலாம். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்ற நாள்களிலும் போஸ்ட் பயிற்சி அரை மணிக்குமேல் நீள வேண்டியதில்லை. தளர்ந்த கால்களில் பழகும் பிவட் தவறான பிவட்டாகவே பதியும்.

லோ போஸ்ட்டில் நன்றாக ஆடுபவரை எதிரணி ஃபவுல் செய்தே நிறுத்தும். என்.பி.ஏ. சென்டர் ஷாக்கில் ஓ'நீலின் ஃப்ரீ த்ரோ விழுக்காடு வாழ்நாள் கணக்கில் 52.7 மட்டுமே, அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்வது எதிரணிகளின் உத்தியாகவே மாறிப்போனது. ஆகவே ஃப்ரீ த்ரோவைக் களைத்த நிலையில், ஒவ்வொரு பயிற்சிக்கும் நடுவே, இரண்டிரண்டாகப் போட வைக்க வேண்டும். ஆட்டத்தில் அப்படித்தான் வாய்க்கும்.

ஆட்ட நாளில் அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை. அதை ஸ்கோர் ஷீட்டே சொல்லிவிடும். கோர்ட்டின் படம் ஒன்றை வரைந்துகொண்டு, ஒவ்வொரு முறை பந்தை வாங்கும்போதும் அவருடைய கால்கள் எங்கே இருந்தன என்று புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் கட்டத்தை ஒட்டி இருந்தும் ஷாட்டுகள் விழவில்லை என்றால் அடுத்த வாரம் முடிப்பதில் உழைக்கலாம். புள்ளிகள் ஓரடி, ஈரடி வெளியே சிதறியிருந்தால் எந்தப் புது நகர்வையும் தொடாமல் மறுபடி சீலிலிருந்து தொடங்க வேண்டும்.